குதிரைக்குத் தண்ணீர் காட்டுதல்

அடுப்பில் தண்ணீரை வைத்த பிறகுதான் ஞானசம்பந்தத்துக்கு உறைத்தது, தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று. சொந்த வீடு, சொந்த ஹால், உட்கார்ந்திருந்ததும் சொந்த நாற்காலிதான். “அண்ணே, நீங்க போய்க் குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க” என்று ரஃபீக் சொன்னான், உமையாள் டீச்சர் சிரித்தார், இவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, வந்த வேகத்தில் இஞ்சியைக்கூடக் கழுவி எடுத்துவிட்டார். யாராவது போ என்றால் போவதில் அவருக்கு இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலும் கிடையாது. தண்ணீர் இன்னும் சலசலக்கவில்லை. ஹாலில் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்கிறது, அதைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள் என்று மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போனாள், அவள் சொன்ன பலவற்றோடு அதுவும் நிற்கிறது. விசிறிச் சத்தத்துக்கு அடியில் ரஃபீக்கின் குரல். வார்த்தை பிடிபடவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். விளையாட்டில் ரஃபீக் ஒருநாளும் குரலைத் தாழ்த்துவதில்லையே, திருடனாகப் பதுங்கும்போதுகூட அவன் பதுங்குவது உறையூர் கடைத்தெரு வரை கேட்குமே என்று நினைத்தவர், இஞ்சியைக் கல்லில் வைத்து ஒரு குத்துக் குத்திவிட்டு அப்படியே நின்றார். அப்படியானால் பேச்சு கைதியைப் பற்றி இல்லை. சிகாமணியைப் பற்றி.

கைதியைப் பற்றியும் இருக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்கள், தான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போவதற்குள். கைதி என்றால் நிஜக் கைதி இல்லை, அது கதைக்குள் இருக்கிற கைதி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேரும் இந்த ஹாலில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் வாய்க்குத்தான் வேலை. உமையாள் டீச்சர் கதை சொல்வார், பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிற அதே கறார்க் குரலில்: மலை, காடு, கோட்டை, பூதம். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆள். என் ஆள் கதவைத் திறக்கிறான், என் ஆள் மரத்தில் ஏறுகிறான் என்று சொல்ல வேண்டும். திறந்ததா, ஏறினானா, விழுந்தானா என்பதை இருபது முகம் கொண்ட டைஸ் சொல்லும். ரஃபீக்கின் ஆள் நரியன், திருடன். சிகாமணியின் ஆள் நீலன், மந்திரவாதி. ஞானசம்பந்தத்தின் ஆள் ஆதன், வாள் பிடித்தவன், சத்தியம் செய்தவன், பொய் சொல்லாதவன். இதையெல்லாம் முதலில் கேட்ட அன்று அவர் மனைவி, “ஏங்க, ரிட்டையர் ஆகப் போற வயசுல இது என்ன” என்று கேட்டாள். அப்புறம் அவளே முறுக்கு சுட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாள். முறுக்கு டப்பாவை எடுக்கக் கை நீட்டினார். காலி. ஆமாம், அவள் இல்லையே.

குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதை ஆரம்பித்துவைத்ததே சிகாமணிதான். அது அந்த நல்ல நாட்களில், மனைவி வனஜா உயிரோடு இருந்து, சிகாமணி வாயைத் திறந்தாலே ஹால் முழுக்கச் சிரிப்பாக இருந்த காலத்தில். கதையில் ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்துவிட்டார்கள், அவன் வழி சொல்ல மாட்டேன் என்கிறான், நரியன் கத்தியை எடுத்துவிட்டான். ஆதனோ சரணடைந்தவன்மேல் கை வைக்க விட மாட்டேன் என்று குறுக்கே நிற்கிறான். ஆட்டம் நகரவில்லை. அப்போதுதான் சிகாமணி தன் மந்திரவாதிக் குரலில், “ஆதா, குதிரை ரொம்ப நேரமா தாகத்துல நிக்குது. போய்த் தண்ணி காட்டிட்டு வா” என்றார். ஞானசம்பந்தம் ஒரு நிமிஷம் யோசித்தார். ஆதன் போனான். திரும்பி வந்தபோது கொள்ளைக்காரன் வழி சொல்லியிருந்தான், எப்படிச் சொன்னான் என்று ஆதன் கேட்கவில்லை, அவன் சத்தியம் துளிக்கூடக் கலையாமல் இருந்தது. சிரித்தார்கள், என்னமாய்ச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அழுக்கான வேலை வந்தால் ஆதன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போவான். யாராவது ஒரு வாரம் வர முடியாவிட்டாலும் அதே குதிரைதான்: வராதவனின் ஆளைக் கதையில் என்ன செய்வது, குகைக்கு வெளியே குதிரைகளோடு நிற்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். பாவம் அந்தக் குதிரைகள், இத்தனை வருஷத்தில் எவ்வளவு தண்ணீர்தான் குடித்திருக்கும். தண்ணி காட்டுவது என்றால் மாட்டுக்குக் காட்டுவதும் உண்டு, போலீசுக்குக் காட்டுவதும் உண்டு. ஆதன் யாருக்குக் காட்டினான்? கையில் வாளியோடு போனவனுக்கே மற்றவர்கள் காட்டினார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது இஞ்சி மணம் மூக்கில் ஏறி நிற்கும்போது அப்படித் தோன்றவில்லை. ஆதன் தெரிந்துதான் போனான். திரும்பி வரும்போது மெதுவாக, காலடிச் சத்தம் கேட்கும்படி வந்தான், உள்ளே இருப்பவர்களுக்கு முடித்துக்கொள்ள நேரம் கொடுத்தபடி.

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. இஞ்சியைப் போட்டார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தது, அடுப்படியில் நின்றால் யாருக்கும்தான் சுடும், இருந்தாலும் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அவருக்கு இன்று காய்ச்சல். அப்படித்தான் சிகாமணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரஃபீக் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்: “உங்களுக்குக் காச்சல்னு சிகாமணி அண்ணன்கிட்ட சொல்லிட்டேண்ணே. இன்னைக்கு ஆட்டம் இல்லன்னு. கொஞ்சம் பேசணும், அவரு இருந்தா பேச முடியாது.” இவர் என்ன சொன்னார்? “என்னப்பா இப்படி” என்றார். என்னப்பா இப்படி என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார், நாலில் மூன்றை. அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு. பொய் ரஃபீக்குடையது, காய்ச்சல் இவருடையது. நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டால் பொய் பொய்யாகாது என்று கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிற ஒரு மனுஷன், ஐம்பத்தாறு வயசு, தபால் ஆபீசில் எல்லோரும் தங்கமான ஆள் என்கிறார்கள். தங்கமான ஆள் எப்படி ஆனார்? மேலதிகாரியிடம் நாலு பேர் சேர்ந்து முறையிடப் போன அன்று இவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். மகளுக்கு வந்த வரனை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அன்று மனைவிதான் போனில் பேசினாள், இவர் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு நாய்க்குக் கடைசி ஊசி போட்ட அன்றும் எங்கேயோ போயிருந்தார், எங்கே என்று நினைவில்லை, கையில் பை இருந்தது நினைவிருக்கிறது. யாருக்கும் அவர்மேல் வருத்தம் கிடையாது. வருத்தமெல்லாம் மனைவிமேல், ரஃபீக்மேல், உள்ளே இருந்தவர்கள்மேல். “சம்பந்தமே இல்லாதவனுக்குச் சம்பந்தம்னு பேர் வச்சிருக்காங்க பாரு” என்று சிகாமணி எப்போதோ கிண்டல் செய்தார். அன்றைக்கு அது கிண்டல்தான்.

ரஃபீக்கைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு சௌகரியம். ஆட்டத்தில் அவன் திருடன், பொய்யன், தேவைப்பட்டால் முதுகில் குத்துகிறவன். ஆனால் ஆட்டம் ஆரம்பித்த முதல் நாள் உமையாள் டீச்சர் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டார்: உங்க ஆள் எதைச் செய்யவே மாட்டான்? எதுக்காக எதையும் செய்வான்? நல்லவனா கெட்டவனா என்று எனக்குச் சொல்ல வேண்டாம், இந்த இரண்டைச் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரஃபீக் யோசிக்காமல் சொன்னான்: “கூட வந்தவன விட்டுட்டு ஓட மாட்டான். கூட வந்தவனுக்காக எதையும் செய்வான்.” ஞானசம்பந்தம் முதல் கேள்விக்கு அழகாகப் பதில் வைத்திருந்தார்: பொய் சொல்ல மாட்டான், சரணடைந்தவனைத் தொட மாட்டான். இரண்டாவது கேள்விக்கு, நல்லதுக்காக என்றார். “அது பதில் இல்ல சார்” என்றார் டீச்சர், “நல்லதுன்னா எது, யாருக்கு?” அடுத்த வாரம் சொல்கிறேன் என்றவர் இன்றுவரை சொல்லவில்லை. ஆதனுக்குச் செய்யக் கூடாததெல்லாம் தெரியும். எதற்காக வாளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினான் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. சிகாமணியின் நீலன் அப்போது உலகத்து மந்திரமெல்லாம் கற்க வேண்டும் என்று கிளம்பியவன். வனஜா போன பிறகு மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்த அன்று, உட்காரும் முன்பே சிகாமணி சொன்னார்: “டீச்சர், என் ஆளோட காரணத்த மாத்திக்கறேன். அவனுக்குச் செத்தவங்கள எழுப்பத் தெரியணும். அதுக்காக எதையும் செய்வான்.” சரி சார் என்றார் டீச்சர். வேறு என்ன சொல்வது?

பாலை ஊற்றினார். வெள்ளை பரவியது. அன்றிலிருந்து ஒன்றரை வருஷமாக எந்தக் கதைக்குள் போனாலும் நீலன் அதையே கேட்கிறான். பிசாசைக் கண்டால் கேட்கிறான், படகோட்டியைக் கண்டால் கேட்கிறான், சந்தையில் வெங்காயம் விற்கிறவளிடம்கூடக் கேட்டான்: இங்க யாருக்காச்சும் செத்தவங்கள எழுப்பத் தெரியுமா? ராஜாவைக் காப்பாற்ற ஓடும்போது நின்று கேட்பான், பாலம் இடியும்போது கேட்பான். போன வாரம் அதனால் நரியன் பள்ளத்தில் விழுந்தான். இந்த ஹாலிலும் இதே குரல் கேட்டிருக்கிறது, போன தீபாவளி சமயத்தில், ஆட்டத்தின் நடுவே, யாரும் எதுவும் கேட்காமலேயே. ஆஸ்பத்திரியில் வனஜா குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கை இரண்டையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், அது அவள் நல்லதுக்குத்தான், டாக்டர் சொன்னார், தெரியும். அவள் கையைப் பார்த்தாள், அப்புறம் சிகாமணியைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். “அவுக்கச் சொன்னா. வாய்ல குழாய், பேச முடியல, கண்ணால சொன்னா. என்னால பாக்க முடியல. வெளிய போய் டீக்கடைல நின்னேன். திரும்பி வந்தா இல்ல.” அப்படியே சொன்னார், டைஸைக் கையில் உருட்டியபடி. ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். சிகாமணி வெளியே போனபோது உள்ளே நின்றது ரஃபீக்தான். அத்தனை நாளும் மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடியதும் அவன்தான், தன் கண்ணாடிக் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு. நர்ஸைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னானா, கேட்டும் முடியாது என்றார்களா, அவன் இன்றுவரை சொன்னதில்லை. அவன் இப்போது ஹாலில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பது இவருக்குத் தெரியும், போன வாரம் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே இவரிடமே சொன்னான்: “அந்தக் கேள்வி கேட்டா எனக்கு நெஞ்ச அடைக்குதுண்ணே. அவருக்கு வேண்டியது டாக்டர், டைஸ் இல்ல. நாம அவர ஏமாத்திட்டு இருக்கோம்.” உமையாள் டீச்சருக்கு அதைவிட மோசம். பிசாசுக்கும் படகோட்டிக்கும் வெங்காயக்காரிக்கும் குரல் கொடுப்பது அவர்தானே. “ஒவ்வொரு வாரமும் வேற வேற குரல்ல அவர்கிட்ட, தெரியாது, வர மாட்டாங்கன்னு நான்தான் சார் சொல்றேன். எனக்கு வாய் வலிக்குது” என்றார். தெரியும் என்று ஒரு குரலில் சொல்லிவிடலாமே என்றால் அதற்கும் பயப்படுகிறார், அப்புறம் சிகாமணி நிஜத்துக்குத் திரும்பி வராமலே போய்விட்டால்? யார் பக்கம் தப்பு? யார் பக்கமும் இல்லை. தப்பு இல்லாத இடத்தில் ஒரு மனுஷனை வெளியே தள்ளுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் நான் வாய் விட்டுப் பேசுகிறேன் என்று சிகாமணி இவரிடம் சொல்லியிருக்கிறார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் டிவி பேசும்.

சர்க்கரை போட்டாரா? போட்ட மாதிரி இருக்கிறது. கரண்டி ஈரமாக இருக்கிறது, ஆனால் அது இஞ்சி எடுத்த கரண்டி. ஹாலில் டீச்சரின் குரல் கேட்டது, கதை சொல்லும் குரல் இல்லை, பள்ளிக்கூடக் குரலும் இல்லை, களைத்த குரல். பிறகு ரஃபீக் சத்தமாக, “சரி, அப்ப இவன முடிச்சிருவோம்” என்றான். இவன் என்றது கைதியை. சோலையப்பனை. அந்தப் பெயரையே இவர்தான் வரவழைத்தார். மலைக்கோட்டைக் காவலில் கிழட்டுப் பூதம் ஒன்று, கோரைப்பல் ஒன்று உடைந்தது, ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டது, நரியன் அதைக் குகைக்குள் இழுத்துப்போய்ச் சேணக் கயிற்றால் கைகளைப் பின்னால் கட்டினான். உயிரோடு விட்டால் ஓடிப்போய் மணி அடிக்கும், கோட்டைக்குள் சிறைப்பட்டிருக்கிற ஊர்க்காரர்கள் சாவார்கள். கணக்கு அவ்வளவுதான். ஆதன் கேட்டான்: “உன் பேர் என்ன?” ரஃபீக் தலையில் அடித்துக்கொண்டான்: “பேர் கேக்காதீங்கண்ணே. பேர் கேட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.” டீச்சரும் எதிர்பார்க்கவில்லை, பூதத்துக்குப் பெயர் யோசித்து வைத்திருக்கவில்லை, தடுமாறி, “சோலையப்பன்” என்றார். அவர் பள்ளிக்கூட வாட்ச்மேன் பெயர். மூவரும் சிரித்துவிட்டார்கள், ஆனால் சிரிப்பு நின்றபோது மண்டியிட்டிருந்த பூதத்துக்குக் காக்கிச் சட்டையும் கையில் ஒரு தூக்குவாளியும் வந்துவிட்டிருந்தது. அப்போதுதான் ரஃபீக் சொன்னான், அண்ணே, நீங்க போய்க் குதிரைக்கு. இவர் எழுந்தார். ஆதன் எழுந்தானா, ஞானசம்பந்தம் எழுந்தாரா? கால் ஒன்றுதானே. கதைக்குள் குகை வாசலைத் தாண்டி, இருட்டில், குதிரைகள் கட்டியிருக்கிற இடத்துக்கு ஆதன் போயிருப்பான். அங்கே யார் நிற்கிறார்? வராதவனின் ஆள். இன்றைக்கு இவர்கள் வர விடாதவனின் ஆள். வாளியோடு போன ஆதன் அங்கே நீலனைப் பார்த்திருப்பான். ஒன்றரை வருஷமாய் எல்லோரிடமும் அதையே கேட்கிறவன், ஆதனிடமும் கேட்பான். ஆதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மேடைமேல் வைத்திருந்த போன் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் சிகாமணி. டீ பொங்கி மேலே வந்தது, தீயைக் குறைத்தார், போன் அடித்தது, அது நிற்கட்டும் என்று நினைத்தார், நிற்கவில்லை. எடுத்தார்.

“சம்பந்தம், எப்படிப்பா இருக்கு காச்சல்? மிளகு ரசம் வச்சிருக்கேன். ரெண்டு வாட்டி வச்சேன், மொத வாட்டி வாயில வைக்க முடியல. எடுத்துட்டு வரட்டுமா? பஸ்ஸு ஏறினா வந்துருவேன்.”

கை தானாகக் கழுத்துக்குப் போனது. சூடு இருந்தது, சத்தியமாக இருந்தது. தூங்கப் போகிறேன் என்று சொல்லலாம். ஒட்டிக்கொள்ளும், வராதே என்று சொல்லலாம், அது அக்கறை மாதிரி இருக்கும், அடுத்த ஞாயிறு வேறொரு காரணம், அதற்கடுத்த ஞாயிறு சிகாமணிக்கே புரிந்துவிடும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் ரசப் பாத்திரத்தின் முன்னால் நிற்கும் நிலையில் அது போய் அவரைக் குத்தும். ஆதன் பொய் சொல்லாததில் என்ன பெருமை இருந்தது? அவனை யாரும் இப்படிப் போனில் கூப்பிட்டதில்லை. பயமாக இருந்தது, சின்னப் பையனைப் போலப் பயமாக இருந்தது, ரஃபீக் என்ன சொல்வானோ என்று, டீச்சர் இனி வராமல் போவாரோ என்று, ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போய்விடுமோ என்று.

“காச்சல் இல்ல சிகாமணி.”

“பின்ன?”

“நாங்க ஆடிட்டு இருக்கோம்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாங்க. நாம என்று சொல்லியிருக்கலாம், வாயில் அதுதான் வந்தது, நாங்க என்ற அந்த ஒரு வார்த்தையில் சிகாமணி வெளியே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் கரண்டியை எங்கோ வைக்கும் ஓசை கேட்டது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தார்.

“சரி,” என்றார் சிகாமணி. “நீலன் எங்க நிக்கிறான்?”

“குதிரைங்ககிட்ட.”

“நீ?”

“நானும் இப்ப அங்கதான் வந்திருக்கேன். உள்ள ஒரு கைதி. தண்ணி காட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க.”

சிகாமணி மூக்கால் சிரித்தார். “நான் ஆரம்பிச்சு வச்சதுதானே.”

“ஆமா.”

“என்னை வேணாங்கறாங்களா?”

“பேசிட்டு இருக்காங்க.”

“நீ என்ன சொன்ன?”

ஞானசம்பந்தம் அடுப்பை அணைத்தார். “நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இங்க வந்து நின்னுட்டேன்.” ஹாலில் டைஸ் நடுவில் போட்ட பலகைமேல் உருண்டது, நின்றது. யாரும் கைதட்டவில்லை. “முடிஞ்சுது” என்றான் ரஃபீக். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. ஆதன் வழக்கமாக இந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் காலடிச் சத்தத்தோடு திரும்புவான். தாமதித்துவிட்டோம், இந்தத் தடவையும் கைதி செத்த பிறகுதான் போகிறோம் என்று நினைத்தார். “ஆதன் உள்ள போறான்,” என்றார் போனில். “நீலன் வரானா?”

“வரேன்.”

மூன்று டம்ளரில் டீயை ஊற்றித் தட்டில் வைத்து, சட்டைப் பையில் போனோடு ஹாலுக்கு வந்தார். ரஃபீக் நிமிராமலேயே, “குதிரை தண்ணி குடிச்சுதாண்ணே?” என்றான், வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

“குடிக்கல,” என்றார். தட்டை வைத்தார். மூலையில் சாத்தியிருந்த நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு நேராகப் பலகைமேல் போனை வைத்து ஸ்பீக்கரை அழுத்தினார். “சிகாமணி லைன்ல இருக்காரு. எனக்குக் காச்சல் இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க அவர வேணாம்னா அவர் கேக்கும்போதே சொல்லுங்க. எனக்கு வேணும். நான் இனிமே எந்திரிச்சுப் போக மாட்டேன்.” உமையாள் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ரஃபீக் இவரை அடிபட்டவன் மாதிரி பார்த்தான், அந்தப் பார்வை இவருக்கு நியாயமாகத்தான் பட்டது, இத்தனை நாள் உள்ளே நின்றவன் அவன்.

போன்தான் முதலில் பேசியது. “டீச்சர், நீலன் உள்ள வரான். என்ன பாக்கறான்?”

எந்த அறைக்குள் போனாலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. கேட்டால் கதை சொல்கிறவர் சொல்லியாக வேண்டும். டீச்சர் தண்ணீர் குடித்தார். “ஒரு பூதம் செத்துக் கிடக்கு சார். காவக்காரன். வயசானவன்.”

“பேரு?”

“சோலையப்பன்.”

“எப்படிக் கிடக்கான்?”

டீச்சர் ரஃபீக்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “கை ரெண்டையும் பின்னால கட்டியிருக்கு சார்.”

அடுத்து என்ன வரும் என்று மூவருக்கும் தெரியும், ஒன்றரை வருஷமாகத் தெரியும். டீச்சரின் உதடு, தெரியாது என்ற வார்த்தைக்குத் தயாராகிவிட்டது. ரஃபீக் காதைப் பொத்திக்கொள்ளப் போகிறவன் போலக் கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்தியிருந்தான். ஞானசம்பந்தம் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், எழுந்துவிடாமல் இருக்க.

“மொதல்ல கட்ட அவுத்து விடுங்கப்பா,” என்றார் சிகாமணி.

ரஃபீக்கின் கை பலகைமேல் இறங்கியது. டைஸை நகர்த்திவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு விரலால் ஒரு முடிச்சைத் தேடித் தேடிப் பிரித்தான். நேரம் எடுத்துக்கொண்டு பிரித்தான்.

“அவுத்துட்டேண்ணே,” என்றான்.